அம்மா கையால் கொடுக்க வேண்டிய சோறு

அறுபத்துமூவர் உற்சவம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் பொத்துக்கொண்டு வரும். "மயிலாப்பூர் மாட வீதியிலே அன்னைக்கு ஒருத்தர் பசியோட இருக்க முடியாதே, என்ன தர்மம், என்ன தர்மம்!" என்று கண் கலங்கிச் சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் அங்கே போயிருந்த வருஷத்தில் இரண்டு பேர் பொழுது சாயும் மட்டும் பட்டினி கிடந்தார்கள். இரண்டு பேரும் எங்கள் வண்டியில் வந்தவர்கள். அந்த வண்டியில் ஓர் அண்டா நிறையச் சோறும் வந்தது.

எங்கள் ஊர் திருவேற்காடு. நான் சொல்வது ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து கொட்டகை போடுவதற்கு முந்திய காலம், யுத்தப் பேச்சே இல்லை. நான் பதினோரு வயசுப் பெண். எங்கள் வீட்டில் பயிர்த்தொழில். ஏரிக்கரையில் கொஞ்சம் கழனி, கூவம் பக்கமாகக் கொஞ்சம் கொல்லை. அந்தக் கூவத்தில் அப்போது நாங்கள் குளித்தோம், குடித்தோம். இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டே சொத்தை அழித்தவர். கையில் இருந்தது தீர்ந்ததும் சூதாடப் போனார். ஜெயித்ததைத் தன் கையால் தொடாமல் சமையல்காரர்களிடம் கொடுத்துச் சோறு ஆக்கச் சொல்லி, எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில் தான் உட்கார்ந்தார். தோற்றவன் பணம் தர மறுத்தால் இடுப்புக் கத்தியை உருவினார். வெளியூர்க்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. எங்களுக்கு அதில் வெட்கமே கிடையாது. நாயன்மாரிலும் கோபக்காரர் எங்கள் ஊர்க்காரர் என்று பெருமைதான். நான் யாரோடாவது சண்டை போட்டுவிட்டு வந்தால் வீட்டில், "நாயனார் வந்துட்டாரு, கத்தியை எடுத்து ஒளிச்சு வையுங்க" என்பார்கள்.

அந்த உற்சவத்துக்கு முந்திய ஐப்பசியில் என் தம்பிக்கு விஷக் காய்ச்சல் கண்டது. நாலு வயசுப் பிள்ளை, கண்ணைத் திறக்காமல் கிடந்தான். பூந்தமல்லி டாக்டரிடமிருந்து தினம் மருந்து வரும். எங்கள் கழனியில் நெல் கூலிக்கு உழைத்த சேரிக்காரர், எங்கள் படியாள், மழையில் நனைந்துகொண்டு நடந்து போய் வாங்கி வருவார்; புட்டியை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்; அம்மா தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வாள். பதினெட்டாம் நாள் டாக்டரே உதட்டைப் பிதுக்கிவிட்டார். அன்றைக்குத்தான் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து நாயனாரிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்து எழுந்தால், பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று, அவர் பேரால் ஓர் அண்டா சோறு தன் கையால் கொடுப்பதாக வேண்டுதல். பிள்ளை எழுந்துவிட்டான்.

தன் கையால் என்றால் தன் கையால்தான். நாயனார் பேரால் சோறு கொடுக்க எங்கள் தெருவில் ஒரு முறை இருந்தது. வேண்டிக்கொண்டவர் கரண்டியைத் தொடக் கூடாது; அள்ளி, வாங்குகிறவர் கையில் வைத்து, "நாயனார் குடுக்கிறாரு, வாங்கிக்கோ" என்று சொல்ல வேண்டும். தன் பேரைச் சொல்லக் கூடாது. வாங்குகிறவர் யார் என்றும் கேட்கக் கூடாது, நாயனார் யாரைக் கேட்டார்? வீதியில் அவர் பல்லக்கு கண்ணில் பட்ட பிறகுதான் அண்டாவின் வாயைக் கட்டிய துணியை அவிழ்க்கலாம். அண்டா காலியாகும் வரைக்கும் கொடுக்கிறவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது. இதில் ஒன்று தப்பினாலும் வேண்டுதல் தீராது. தீராத வேண்டுதல் பிள்ளை தலையில் விடியும் என்று அம்மா நம்பினாள். அவளைப் பொறுத்தவரை அந்த அண்டா காலியாகும் வரைக்கும் தம்பிக்குக் காய்ச்சல் முழுதாக விடவில்லை.

உற்சவத்துக்கு முதல் நாள் மத்தியானம் வீடே புளி மணத்தது. எங்கள் கழனியில் தையில் அறுத்த சிறுமணி அரிசி. நல்லெண்ணெய் சொட்டச் சொட்டக் கிளறி, கல்யாணத்துக்கு எடுக்கும் பித்தளை அண்டாவில் அழுத்தி, மஞ்சள் துணியால் வாயைக் கட்டினார்கள். நைனாவும் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம்) மாமாவும் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். படியாள் தள்ளி நின்றார்; ஆக்கின சோற்றை அவர் தொடக் கூடாது. ஏற்றி முடித்த பிறகு அவர் முன்னால் ஒடுங்கி உட்கார்ந்து காளைகளை அதட்டினார். அவர் நைனாவைவிட நாலைந்து வயசு மூத்தவர். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது நான் அவரை 'வாடா, போடா' என்றுதான் கூப்பிட்டேன். யாரும் என்னைத் திருத்தவில்லை.

"அவனுக்கு ஒரு மூட்டை கட்டட்டுமா?" என்று அம்மா கேட்டது நினைவிருக்கிறது.

"அங்கதான் ஊரே சோறு போடுதே, துன்னுக்குவான் வா மே" என்றார் நைனா. மூட்டை கட்டவில்லை.

மதுரவாயல், கோயம்பேடு, அரும்பாக்கம் என்று இரவெல்லாம் வண்டி ஊர்ந்து, விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபோது லஸ் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அதற்கு மேல் மாட்டு வண்டியை விடமாட்டோம் என்று போலீஸ்காரர் தடியைக் குறுக்கே நீட்டினார். ஒரு தென்னந்தோப்பில் வண்டியை அவிழ்த்தோம். அம்பது அறுபது வண்டிகள் அங்கே முன்னமே நின்றன.

"காளையை வுட்டுட்டு எங்கியும் போவாதே. பட்டணத்துக் களவாணிப் பசங்க அவுத்துகினு பூடுவானுங்க" என்றார் நைனா.

"சரி ஆண்டே" என்றார் அவர்.

அண்டாவைத் தூக்க இன்னொரு கை வேண்டும். மாமா ஊரிலேயே நின்றுவிட்டார். நைனா தெருவில் போன ஓர் ஆளைக் கூப்பிட்டுக் கூலி பேசினார். காக்கிச் சட்டை போட்டு, வெற்றிலை குதப்பிக்கொண்டிருந்தான். அவன் யார், எந்த ஊர், என்ன சாதி என்று நைனா ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருவரும் மூங்கிலில் அண்டாவைக் கோத்துத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். நாங்கள் பின்னால் போனோம்.

கூட்டம் என்றால் கூட்டம். டிராம் வண்டி மணி அடித்து அடித்து ஓய்ந்து, நின்ற இடத்திலேயே நின்றது. தம்பி அதைப் பார்த்து வாயைப் பிளந்தான். மண் பொம்மை, மரச் செப்பு, காகிதக் காற்றாடி, கண்ணாடி வளையல், ஊதல். ஊதல் கடையில் தம்பி உருண்டு புரண்டு அழுது ஒன்று வாங்கிக்கொண்டான். அன்று முழுவதும் அதை ஊதி ஊதி என் பிராணனை வாங்கினான். பத்தடிக்கு ஒரு பந்தல். ஒன்றில் பானகம், ஒன்றில் சுண்டல், ஒன்றில் சர்க்கரைப் பொங்கல். வேண்டாம் என்றாலும் கையைப் பிடித்து இழுத்துத் திணித்தார்கள். நானும் தம்பியும் மாட வீதி போய்ச் சேருவதற்குள் மூன்று பந்தலில் தின்றுவிட்டோம். அம்மா ஒவ்வொரு பந்தலிலும் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ஒதுங்கி நடந்தாள்.

மாட வீதியில் அண்டாவை இறக்கி வைக்க ஒரு சாண் இடம் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய மாடி வீட்டு முன்னால் மூச்சு வாங்க நின்றோம். அந்த வீட்டு வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, நாலு மிடாவில் நீர்மோர் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் வெளியே வந்தார். சரிகை வேட்டி, கழுத்தில் தங்கச் சங்கிலி, விபூதிப் பட்டை. எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்த ஊரு?"

"திருவேற்காடுங்க" என்றார் நைனா.

"அடடே, நாயனார் ஊராச்சே! எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க? நம்ம பந்தல்தான் இருக்கே. அண்டாவை அப்படி நிழல்ல வையுங்க. உங்களுக்கும் புண்ணியம், எனக்கும் புண்ணியம்."

நைனாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "பட்டணத்துல இப்பிடி ஒரு மனுசனா" என்று அம்மாவிடம் மூன்று தரம் சொன்னார். பந்தல் காலில் ஒரு சிவப்புத் துணி சுருட்டிக் கட்டிக் கிடந்தது. அதை நான் பார்த்தேன். என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

நாயன்மார் பல்லக்குகள் வெயில் தாழ்ந்துதான் புறப்படும் என்றார்கள். எங்களுக்கு அது தெரியாது. ஊரில் எந்தச் சாமியும் காலையிலேயே வந்துவிடும். ஆக அம்மா மத்தியானம் வரைக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். மோர்ப் பந்தலில் உட்கார்ந்துகொண்டு மோர் குடிக்காமல்! போகிற வருகிற ஜனமெல்லாம் அண்டாவைப் பார்த்து, "இன்னா தாயி, எப்போ போடுவே?" என்று கேட்டது. "நாயனார் வரட்டும்" என்றாள் அம்மா. அதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். அந்த வீட்டுக் காரியஸ்தர் ஒருவர், தலைப்பாகை கட்டியவர், இரண்டு முறை வந்து அண்டாவை எட்டிப் பார்த்து, முகர்ந்துவிட்டுப் போனார். அவர் மூக்கை அப்போதே கடித்திருக்க வேண்டும் நான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. குளத்துப் பக்கம் போய்ப் பல்லக்கு கட்டுகிறார்களா என்று பார்த்து வரலாம் என்றாள். "நீங்க அண்டாண்டயே குந்தினு இருங்க" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்தக் கூட்டத்தில் போக ஒரு நாழிகை, வர ஒரு நாழிகை. பல்லக்குகளுக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். "இதோ கெளம்பிடும்" என்று ஒருவர் சொன்னதும் அம்மா முகத்தில் அன்றைக்கு முதல் முதலாகச் சிரிப்பு வந்தது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம்.

திரும்பி வந்தால், பந்தலில் திருவிழாவுக்குள் ஒரு திருவிழா. சுருட்டிக் கிடந்த சிவப்புத் துணி வீதிக்குக் குறுக்கே கட்டியிருந்தது. பஞ்சால் வெட்டி ஒட்டிய வெள்ளை எழுத்து. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மூணாவது வரை படித்திருந்தேன். கூட்டிப் படித்தேன். அந்த வீட்டுக்காரர் பெயர், அவருடைய பட்டம், அவர் அப்பா பெயர், கடைசியில் 'அன்னதான உபயம்'. கீழே காரியஸ்தர் முக்காலி மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க! எஜமான் உபயம்! புளியோதரை! எஜமான் உபயம்!"

மஞ்சள் துணி தரையில் கிடந்தது. இரண்டு ஆட்கள் எங்கள் அண்டாவில் கரண்டியை விட்டுக் கோரிக் கோரிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரண்டியை! நைனாவைக் காணோம்.

"அது எங்க அண்டா!" என்று கத்தினேன்.

"தள்ளிக்கோ பாப்பா, வரிசையில வா. எல்லாருக்கும் உண்டு" என்றார் காரியஸ்தர்.

எங்கள் சோற்றுக்கு நான் வரிசையில் நிற்க வேண்டுமாம்! எனக்குக் கண்ணே இருண்டுவிட்டது. பாய்ந்து போய் அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். தையில் எடுத்த புதுப் பாவாடை முழுக்கப் புளியும் எண்ணெயும். ஒருவன் என் தோளைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கையைக் கடித்தேன். பொய் இல்லை, நன்றாகவே கடித்தேன். "ஐயோ, பொண்ணா பிசாசா" என்று அவன் கையை உதறினான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மா கத்தவில்லை. கீழே கிடந்த மஞ்சள் துணியை எடுத்து உதறி, "இத யாரு அவுத்தது?" என்று மட்டும் கேட்டாள்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் நைனா. மார்பில் சந்தனம், வாயில் தாம்பூலம். உள்ளே கூப்பிட்டு, விசிறி போட்ட கூடத்தில் உட்கார வைத்து, ஊரில் மழை எப்படி, விளைச்சல் எப்படி என்று விசாரித்தாராம். போதாதா? நைனா அண்டாவை மறந்துவிட்டார்.

"ஜனம் பசியோட நிக்குது, சோத்தைக் கட்டி வச்சிக்கிட்டுப் பார்த்திட்டிருக்க முடியுமா?" என்றார் வீட்டுக்காரர், ரொம்பச் சாந்தமாக. "யார் கையால போட்டா என்னம்மா, எல்லாம் சாமிக்குத்தானே."

"அப்போ அந்தத் துணியில சாமி பேரை எழுதறதுதானே?" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல வாய்" என்றார்.

"கொயந்தே, தெரியாம பேசுது. பெரியவங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் நைனா. கையைக் கூப்பினார். என்னைப் பெற்றவர், ஊரில் நாலு பேருக்குப் பஞ்சாயத்துச் சொல்கிறவர், தன் சோற்றைத் திருடியவனிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் ரொம்ப வருஷம் எனக்கு ஆறவில்லை.

அம்மா அவர்கள் இருவரையும் பார்க்காமல், காற்றைப் பார்த்துச் சொன்னாள்: "ஊரார் ஊட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே."

வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அண்டாவைக் கழுவிக் குடுத்து அனுப்பு" என்று காரியஸ்தரிடம் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். ஓர் ஆள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினான்.

"கழுவ வாணாம்!"

அம்மா போட்ட அந்தச் சத்தத்தில் தம்பி ஊதலைக் கீழே போட்டான். அம்மா அண்டாவுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு வழித்தாள். அடியிலும் விளிம்பிலும் ஒட்டிக்கொண்டிருந்த சோறு, இரண்டு கை தேறியது. அதைப் பூவரச இலையில் வைத்து மடித்து மாரோடு அணைத்துக்கொண்டாள். ஓர் அண்டாச் சோற்றில் அவள் கைக்கு மிச்சம் அதுதான்.

அதன் பிறகுதான் பல்லக்குகள் வந்தன. சாமியைப் பார்த்தபடி, பின்புறமாக நடந்து, நாலு நாலு பேராக நாயன்மார்கள். எல்லாச் சிலையும் கை கூப்பி ஒரே ஜாடையில் நின்றன. "எது நம்பளுது?" என்று கேட்டேன். நைனா ஒரு பல்லக்கைக் காட்டி, பிறகு இன்னொன்றைக் காட்டினார். அம்மா ஒரு பல்லக்கு வந்ததும் எங்களைக் கேட்காமல் இலைப் பொட்டலத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அதுதான் எங்கள் நாயனார் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ. பல்லக்கு மறைந்ததும் இலையைப் பிரித்து, கொடுக்க ஆளைத் தேடினாள்.

தேடினால், யாருக்கும் பசி இல்லை. மாட வீதி முழுக்க ஏப்பம் விட்டுக்கொண்டு நடந்தது. ஒரு கிழவரிடம் நீட்டினாள். வயிற்றைத் தடவிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு கைக்குழந்தைக்காரி, "வாணாங்க்கா, வச்சிக்க எடம் இல்லே" என்றாள். கோயில் வாசலில் வரிசையாகக் குந்தியிருந்த பிச்சைக்காரர்களிடம் போனோம். அவர்கள் முன்னால் பொங்கலும் வடையும் குவிந்து கிடந்தன. "புளிச்சோறா? காலைலேர்ந்து நாலு வாட்டி துன்னுட்டேன் தாயி. தயிர்சோறு கீதா?" என்று கேட்டார் ஒருவர். அதில் பாதி எங்கள் சோறாகவே இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. அம்மா முழு நாளும் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல், இரண்டு கைச் சோற்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பட்டணத்தையே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"போட்டும் மே, கொளத்துல மீனுக்குப் போடு" என்றார் நைனா.

"மீனுக்குக் கை கீதா?" என்றாள் அம்மா.

பொழுது சாயும் நேரத்தில் காலி அண்டாவோடு தென்னந்தோப்புக்குத் திரும்பினோம். பாதி வண்டிகள் போய்விட்டிருந்தன. எங்கள் படியாள் காளைகளுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். எழுந்தவர் கொஞ்சம் தள்ளாடி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"துன்னியா?" என்று கேட்டார் நைனா.

"காளையை வுட்டுட்டுப் போவ வாணாம்னீங்களே ஆண்டே" என்றார் அவர்.

முதல் நாள் சாயங்காலம் கிளம்பியதிலிருந்து அவர் ஒன்றும் தின்னவில்லை. பத்தடிக்கு ஒரு பந்தல் போட்டுக் கையைப் பிடித்து இழுத்துத் திணித்த ஊரில். நானும் தம்பியும் ஏழெட்டு இடத்தில் தின்றிருந்தோம். அவருக்கு ஒரு தொன்னை சுண்டல் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இலையைப் பிரித்தாள். அவர் வழக்கம்போலத் தலைத்துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"துண்டுக்கு நேந்துக்கலை. கையை நீட்டு" என்றாள் அம்மா.

அவர் நீட்டவில்லை. நைனாவைப் பார்த்தார்.

"ஏமே, இன்னா பண்றே? துண்டுல போடு" என்றார் நைனா.

"கையிலதான் குடுக்கறேன்னு நேந்துகினேன்."

"அதுக்கு இவன் கையா?"

"யாருன்னு கேக்கக் கூடாது" என்றாள் அம்மா.

நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். படியாள் மெதுவாகக் கையை நீட்டினார். அம்மா இலையிலிருந்து சோற்றை அள்ளினாள். உயரத்திலிருந்து போடவில்லை, உள்ளங்கையில் வைத்தாள். அவள் விரல் அவர் கையில் பட்டதை நான் பார்த்தேன். "நாயனார் குடுக்கிறாரு, வாங்கிக்கோ" என்றாள். இரண்டாவது கையையும் வைத்தாள். இலை காலியானது.

அவர் சக்கரத்துப் பக்கம் திரும்பி நின்று தின்றார். இரண்டு வாய் தின்றுவிட்டு, "ஏரிக்கரைக் கழனி நெல்லும்மா இது" என்றார். அத்தனை புளிக்கும் எண்ணெய்க்கும் அடியில் அவருக்கு அது தெரிந்தது. அவர் நட்ட நெல்.

எனக்கு அம்மாவைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும்போல இருந்தது. வேண்டுதல் தீர்ந்துவிட்டது. அந்தச் சரிகை வேட்டிக்காரர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டார், நாங்கள் ஜெயித்துவிட்டோம்! அம்மாவுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தேன். அவள் செம்பை வாங்கவில்லை. என்னையே ஊற்றச் சொல்லி அண்ணாந்து குடித்தாள். வழியில் தம்பி தூக்கத்தில் அவள் மடிக்கு வந்தபோதும், "நீயே வச்சிக்கோ" என்று என்னிடம் தள்ளிவிட்டாள். நாள் முழுக்கப் பட்டினி, அசதி என்று நினைத்துக்கொண்டேன். ஊர் வந்து சேரும் மட்டும் அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரிந்த வசவெல்லாம் சொல்லித் திட்டினேன். "யார் ஊட்டுச் சோத்துக்கு யார் பேரு!" என்று கத்தினேன். வண்டி ஓட்டியவர் முன்னாலிருந்து மெல்லச் சிரித்தார்.

மறுநாள் வெயில் ஏறும்போது வீட்டு வாசலில் இறங்கினோம். அம்மா உள்ளே போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். கட்டின புடவையோடு துவைக்கிற கல்மேல் குந்தினாள்.

"தண்ணி சேந்தி ஊத்து" என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு குடம் சேந்தித் தலையில் ஊற்றினேன். அம்மா அடுப்புச் சாம்பலை எடுத்து வரச் சொல்லி, வலது கையை விரல் விரலாகத் தேய்த்தாள். அந்தக் கையால்தான் அண்டாவை வழித்தாள். அந்தக் கையால்தான் கொடுத்தாள். எதிரே மாட்டுக் கொட்டகையில் அவர் காளைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கிணற்றடியைப் பார்த்தார். அம்மாவையும் பார்த்தார், குடத்தோடு நின்ற என்னையும் பார்த்தார். பிறகு காளைகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிக்கொண்டு போனார்.

மயிலாப்பூரில் ஒருவன் கையைக் கடித்தவள் நான். அப்பாவையே முறைத்தவள். தொட்டதற்கெல்லாம் கத்தி எடுக்கிற நாயனார் என்று பேர் வாங்கினவள். அன்றைக்குக் காலையில் எனக்குக் கோபமே வரவில்லை. "இன்னொரு கொடம்" என்றாள் அம்மா. சேந்தி ஊற்றினேன்.